"போனைப் பழையபடி மாத்திக் கொடுங்க": நம் கோயில் பெரியவர்கள் கேட்கும் கேள்விக்கு ஒரு பதில்

 

கோயில் தொண்டர் குழுவிலிருந்து எழுதுகிறோம். வழக்கமா இந்தப் பக்கத்தில் பூசை நேரம், உபயம், அன்னதானம் பற்றித்தான் போடுவோம். இன்றைக்குக் கைப்பேசி விஷயம். பதிவு கொஞ்சம் நீளம். பொறுமையாப் படிங்க. எழுத்து சின்னதாத் தெரியுற பெரியவங்களுக்கு வீட்டுப் பிள்ளைங்க வாசிச்சுக் காட்டுங்க.

வெள்ளிக்கிழமை பூசை முடிஞ்சு பிரசாதம் கொடுக்கும்போது குறைந்தது இரண்டு பேராவது போனை நீட்டி, "தம்பி, இது அப்டேட் ஆனதுல இருந்து ஒண்ணும் புரியல, பழையபடி மாத்திக் கொடு" என்று கேட்கிறாங்க. ஜாசின், மெர்லிமாவ் பக்கத் தோட்டங்களில் பால்மரம் சீவி, பிறகு தாமான் வீடுகளுக்கு வந்தவங்க பலர். தோட்டத்தில் இருந்தபோது திருவிழாச் செய்தி லயத்துக்கு லயம் ஆள் போய்ச் சொன்னா போதும். இன்றைக்கு ஒரு வீடு ஆயர் கெரோவில், இன்னொரு வீடு அலோர்காஜாவில், பிள்ளைங்க சிங்கப்பூரில். பால்குடம் எத்தனை மணிக்கு, மாசி மகத்துக்குச் செங் சன்னாசிமலைக்குப் பேருந்து எங்கே நிற்கும், யார் வீட்டில் துக்கம் என்பதெல்லாம் புலனத்தில்தான் வருது. அந்தப் போனில் பொத்தான் இடம் மாறினா அவங்களுக்குக் கோயிலே தூரமாப் போன மாதிரி. அதனால இந்தக் கேள்வியை நாங்க சிரிச்சுத் தள்ளுவதில்லை.

"பழையபடி" என்று கேட்கிறதில் மூன்று வகை இருக்கு. வகை தெரியாமக் கடையில் கொடுத்தாத்தான் ஆபத்து.

முதல் வகை, தோற்றம் மட்டும் மாறியது. 2025-ல் சாம்சங் போன்களுக்கு ஒன் யூஐ 7 வந்தது. மேலிருந்து விரலால் இழுத்தா, இடப்பக்கம் அறிவிப்புகள் தனியா, வலப்பக்கம் வைஃபை, விளக்குப் பொத்தான்கள் தனியா வந்தன. "என் வைஃபை பொத்தானைக் காணோம்" என்று வந்தவங்க நிறைய. பொத்தான்கள் வரும் அந்தப் பலகைக்குள்ளேயே, இரண்டையும் மறுபடி ஒன்றாச் சேர்க்கிற அமைப்பு இருக்கு. அதே ஆண்டு செப்டம்பரில் ஆப்பிள் ஐஓஎஸ் 26 வெளியிட்டப்ப, திரை முழுக்கக் கண்ணாடி மாதிரி ஊடுருவித் தெரிய ஆரம்பிச்சது. கண்ணில் புரை வளர்ந்தவங்களுக்கு எழுத்தே தெரியல. பிறகு வந்த 26.1-ல் அந்தக் கண்ணாடியைக் கொஞ்சம் மங்கலாக்க ஒரு தேர்வு கொடுத்தாங்க. அணுகல் வசதிகள் பகுதியில் ஊடுருவலைக் குறைக்கும் பொத்தானும் இருக்கு. எங்களிடம் வருகிறவங்கள்ல பெரும்பாலானவங்க குறை இங்கேயே, ஐந்து நிமிடத்தில் தீர்ந்துவிடும். செலவு ஒரு காசு கிடையாது.

இரண்டாம் வகை, ஒரு செயலி மட்டும் கெட்டது. 2021 மார்ச்சில் உலகம் முழுக்க ஆண்ட்ராய்டு போன்களில் செயலிகள் திறந்த உடனே மூடிக்கொண்டன. போன் போச்சுன்னு பல பேர் பயந்தாங்க. காரணம், பின்னால ஓசைப்படாம வேலை செய்யும் வெப்வியூ என்ற ஒரே ஒரு பாகத்துக்கு வந்த அப்டேட். அந்தப் பாகத்தின் அப்டேட்டை மட்டும் நீக்கிப் பழைய நிலைக்குக் கொண்டு வந்ததும் செயலிகள் திறந்தன. பிறகு கூகுள் சரி செய்த பதிப்பை அனுப்பியது. போனோடவே வரும் பல செயலிகளுக்கு இப்படிச் செய்யலாம்: அமைப்புகளில் செயலிகள் பகுதிக்குப் போய், அந்தச் செயலியைத் திறந்து, மேல்மூலையில் மூன்று புள்ளியைத் தொட்டா, அப்டேட்டை நீக்கும் வழி வரும். ஆனா புலனத்தை மட்டும் இப்படி நீக்கிப் பார்க்காதீங்க. பிரதி எடுக்காம நீக்கினா உரையாடல்கள் போய்விடும்.

மூன்றாம் வகைதான் பெரிய விஷயம். முழு இயங்குதளத்தையும், அதாவது போனுக்கு உயிர் கொடுக்கும் அந்த மென்பொருளையே, பழைய பதிப்புக்குத் திருப்புவது. இதைப் பற்றி ஒரு குடும்பத்தில் நடந்ததை, அவங்க சம்மதத்தோடு, பெயர் இல்லாமச் சொல்கிறோம்.

நம்ம அம்மன் திருவிழாவில் நாற்பது வருசத்துக்கு மேல உடுக்கை அடிச்சுப் பாடின தாத்தாவை உங்க எல்லாருக்கும் தெரியும். கரகம் பாலிக்கும்போது அவர் குரல் எழுந்தாத்தான் கூட்டம் அமைதியாகும். அவர் பாட்டை ஏட்டில் எழுதி வைக்கல. அவங்க அப்பாகிட்ட, தோட்டத்துக் கோயில் வாசலில் உட்கார்ந்து, காதால் கேட்டுப் பழகினது. கடைசிக் காலத்தில் உடம்பு முடியாம இருந்தப்ப, பாட்டி தன் போனில் அவர் பாடினதைப் பதிவு பண்ணி வச்சிருந்தாங்க. மொத்தம் பதினேழு பதிவு. அவர் போன பிறகு ராத்திரி அதைக் கேட்டுட்டுத்தான் பாட்டி தூங்குவாங்க.

ஓர் அப்டேட்டுக்குப் பிறகு அந்தப் போன் ரொம்ப மெதுவாச்சு. தொட்டா அரை நிமிடம் கழிச்சுத் திறக்கும். டவுனில் ஒரு கடையில், "பழைய வெர்ஷன் போட்டுத் தர்றோம், 80 வெள்ளி" என்றாங்க. போட்டும் கொடுத்தாங்க. போன் வேகமாத்தான் ஓடுது. ஆனா உள்ளே ஒன்றும் இல்ல. படங்கள் மட்டும் கூகுள் கணக்கில் இருந்து திரும்பி வந்தன. குரல் பதிவுகள் வரவில்லை. கூகுள் போட்டோஸ் படத்தையும் வீடியோவையும்தான் காப்பாற்றும், குரல் பதிவைக் காப்பாற்றாது. இது பாட்டிக்குத் தெரியாது. அவங்களுக்கு யாரும் சொல்லவும் இல்ல.

பாட்டி போனைக் கொண்டு வந்து மடப்பள்ளித் திண்ணையில் உட்கார்ந்து, "ஐயா குரலு எங்க போச்சு சாமி?" என்றாங்க. எங்க குழுவில் பாலிடெக்னிக் படிக்கும் தம்பி ஒருத்தர் இருக்கார். அவர் போனை வாங்கிப் பார்த்துட்டு ரொம்ப நேரம் பேசவில்லை. இப்போதைய போன்களில் நாம வைக்கிற எல்லாமே பூட்டுப் போட்டுத்தான் பதிவாகுது. போனை முழுசா அழிக்கும்போது அந்தப் பூட்டின் சாவியே அழிஞ்சுடும். பெட்டி இருக்கும், திறக்க முடியாது. பழைய காலத்துல அழிஞ்ச கோப்பைத் தோண்டி எடுத்த மாதிரி இப்போ எடுக்க முடியாது என்று அவர் பொறுமையாச் சொன்னார். பாட்டிக்குப் பாதிதான் புரிஞ்சது. ஆனா "வராது" என்கிறது மட்டும் புரிஞ்சுது.

பழையதுக்குத் திருப்பினா ஏன் எல்லாம் அழியுது? இரண்டு காரணம். புதுப் பதிப்பு தன் முறையில் எழுதி வைத்த கணக்கைப் பழைய பதிப்பால் படிக்க முடியாது. இன்னொன்று, பல ஆண்ட்ராய்டு போன்களில் இப்படி மாற்ற முதலில் ஒரு அடிப்படைப் பூட்டைத் திறக்கணும். அதைத் திறக்கும்போது உள்ளே உள்ளதை அழிக்கும்படியே செய்திருக்காங்க. திருடன் ஒருத்தன் உங்க போனை எடுத்துப் பூட்டைத் திறந்து படிச்சுடக் கூடாது என்பதற்காக.

ஐபோனில் கதை வேற. ஒவ்வொரு முறை மென்பொருள் ஏற்றும்போதும் போன் ஆப்பிளிடம் "இதைப் போடலாமா?" என்று அனுமதி கேட்கும். புதுப் பதிப்பு வந்து கொஞ்ச நாள், பெரும்பாலும் ஒன்று இரண்டு வாரம், பழையதுக்கும் அனுமதி கிடைக்கும். பிறகு நிறுத்திடுவாங்க. அதற்கப்புறம் எந்தக் கடைக்காரர் கேட்டாலும் கதவு திறக்காது. இன்னொரு சிக்கலும் இருக்கு. புதுப் பதிப்பில் எடுத்த பிரதியைப் பழைய பதிப்பில் ஏற்ற முடியாது. அப்டேட்டுக்கு முன்னாலேயே எடுத்த பிரதிதான் உதவும்.

நிறுவனமே பின்வாங்கின சமயமும் உண்டு. 2014 செப்டம்பர் 24-ல் ஆப்பிள் ஐஓஎஸ் 8.0.1 வெளியிட்டது. ஐபோன் 6, 6 பிளஸ் வைத்திருந்தவங்க சிலருக்குத் தொலைபேசி இணைப்பே போச்சு, கைரேகையும் வேலை செய்யல. ஒரு மணி நேரம் போலத்தான் இருக்கும், அப்டேட்டைத் திரும்ப எடுத்துக்கிட்டாங்க. கணினி வழியாப் பழைய ஐஓஎஸ் 8-க்கே போங்க என்று அவங்களே வழி சொன்னாங்க. மறுநாள் 8.0.2 வந்தது.

ஆண்ட்ராய்டிலும் கதவு சாத்தப்படுது. 2022 ஆகஸ்டில் கூகுள் பிக்சல் 6 வரிசைப் போன்களுக்கு ஆண்ட்ராய்டு 13 வந்தப்ப, அதை ஏற்றினா மறுபடி 12-க்குப் போக முடியாது என்று கூகுளே அறிவிச்சது. சாம்சங்கில் மென்பொருள் எண்ணின் கடைசியிலிருந்து ஐந்தாவது எழுத்தைப் பாருங்க. அது பூட்டின் படி. உங்க போனில் உள்ள படியைவிடக் குறைந்த படி உள்ள பதிப்பைப் போன் ஏற்காது. அனுமதி இல்லாத மென்பொருளைப் போட்டா உள்ளே ஒரு உருகி எரிஞ்சு போகும். அதை மாற்ற முடியாது. சாம்சங்கின் பாதுகாப்புக் கோப்புறை அதற்கப்புறம் அந்தப் போனில் வேலை செய்யாது. பல வங்கிச் செயலிகளும் பூட்டுத் திறந்த போனில் ஓட மறுக்கும்.

ஏன் இப்படிக் கதவைச் சாத்துறாங்க? நியாயமான காரணம் இருக்கு. பழைய பதிப்பில் எங்கே ஓட்டை என்று புதுப் பதிப்பு வந்த அன்றே உலகத்துக்குத் தெரிஞ்சுடும். 2018 பிப்ரவரியில் ஒரே ஒரு தெலுங்குக் கூட்டெழுத்து செய்தியில் வந்தாலே ஐபோனில் செயலிகள் முடங்கிப் போயின. நம்ம கோயிலுக்கு வரும் தெலுங்குக் குடும்பங்கள் தங்கள் மொழியில் வாழ்த்து அனுப்பினாலே போன் நின்றுவிடும் நிலை. 11.2.6 அப்டேட் வந்துதான் அது சரியாச்சு. நம்ம நாட்டில் கல்யாணப் பத்திரிகை என்று சொல்லி ஏபிகே கோப்பு அனுப்பிப் பணத்தைச் சுருட்டுகிற கும்பல்கள் இருக்கு. பாதுகாப்பு அப்டேட் இல்லாத போன் அவங்களுக்குத் தாழ்ப்பாள் இல்லாத வீடு. 2022 அக்டோபரில் தொடங்கின தேசிய மோசடி எதிர்ப்பு மையத்தின் எண் 997. அதை எல்லாரும் எழுதி வச்சுக்கோங்க.

இன்னொன்றும் பெரியவங்களுக்கு நினைவிருக்கும். ஒரு காலத்தில் போனில் தமிழ் கட்டம் கட்டமாத்தான் தெரியும். நம்ம நாட்டுக்காரர் முத்து நெடுமாறன் 1985-லேயே முரசு அஞ்சல் செய்ய ஆரம்பிச்சு, பிறகு போனில் தமிழ் எழுதச் செல்லினம் கொண்டு வந்தார். ஆப்பிள் கருவிகளில் நாம படிக்கும் தமிழ் எழுத்துருக்களில் அவர் செய்தவையும் உண்டு. இன்றைக்குப் பாட்டிகள் தேவாரத்தைப் போனில் தமிழிலேயே படிக்கிறாங்கன்னா, அது பதிப்புக்குப் பதிப்பு முன்னேறி வந்த வசதி. அதனால பழையது எல்லாம் பொன் என்று நாங்க சொல்ல மாட்டோம்.

அதே நேரம், பெரியவங்க கோபம் வெறும் பிடிவாதமும் இல்ல. 2018 அக்டோபரில் இத்தாலியின் போட்டி ஆணையம் ஆப்பிளுக்கு 1 கோடி யூரோவும் சாம்சங்குக்கு 50 லட்சம் யூரோவும் அபராதம் போட்டது. பழைய போன்களுக்குப் பாரமான அப்டேட்டை ஏற்றச் சொல்லி, வேகம் குறையும் என்று சரியாச் சொல்லாம, பழைய நிலைக்குத் திரும்ப வழியும் கொடுக்காம விட்டதுதான் குற்றம். 2020 பிப்ரவரியில் பிரான்ஸ் ஆப்பிளுக்கு 2.5 கோடி யூரோ அபராதம் போட்டது. அங்கேயும் இதே பேச்சு: பழைய பதிப்புக்குப் போக முடியாததால மக்கள் புது மின்கலமோ புதுப் போனோ வாங்க வேண்டி வந்தது என்று அதிகாரிகள் சொன்னாங்க. நம்ம பாட்டி மடப்பள்ளித் திண்ணையில் கேட்டதும் கிட்டத்தட்ட இதே கேள்விதான். "நான் கேக்காம ஏன் மாத்தினாங்க? மாத்தினா ஏன் திருப்பித் தர மாட்டேங்குறாங்க?"

நிறுவனங்களை மாற்ற நம்மால முடியாது. நம்ம கையில் இருக்கிறது அப்டேட்டுக்கு முந்தின நாள்.

கோயிலுக்கு வருகிறவங்களுக்கு இதைப் புரிய வைக்க எங்களுக்குப் பெரிய விளக்கம் தேவைப்படல. திருப்பணி தொடங்கும்போது என்ன செய்கிறோம்? மூலஸ்தானத்தில் உளி படுறதுக்கு முன்னாடி, அம்மனின் சக்தியைக் கும்பத்தில் ஏற்றி, அத்திப் பலகையில் எழுந்தருளச் செய்து, பாலாலயத்தில் வைக்கிறோம். தினப் பூசை அங்கே நிற்காம நடக்கும். அதற்கப்புறம்தான் கொத்தனார் உள்ளே போவார். பாலாலயம் செய்யாம யாராவது கருவறையில் கை வைப்பாங்களா? போனுக்கும் அதே முறைதான். முதலில் பிரதி, பிறகு அப்டேட்.

நாங்க எல்லாருக்கும் சொல்கிற முறை இது.

பெரிய பதிப்பு, அதாவது எண்ணே மாறுகிற அப்டேட் வந்தா, ஒன்று இரண்டு வாரம் பொறுங்க. கோளாறு இருந்தா அதற்குள்ள வெளியே தெரிஞ்சுடும். மாதாமாதம் வரும் பாதுகாப்பு அப்டேட்டைத் தள்ளிப் போடாதீங்க. திருவிழா வாரத்தில் பெரிய அப்டேட் வேண்டவே வேண்டாம். தானா ஏறுகிற அமைப்பு இருந்தா அதை நிறுத்தி வச்சு, நீங்களே நாள் பார்த்துப் போடுங்க.

படத்துக்கு ஓர் இடம், புலனத்துக்கு ஓர் இடம், குரல் பதிவுக்கு ஓர் இடம் என்று மூன்றையும் தனித்தனியாச் சரி பாருங்க. ஆண்ட்ராய்டில் புலனப் பிரதி கூகுள் கணக்கின் 15 ஜிபிக்குள்ளதான் அடங்கணும். அது நிறைஞ்சா பிரதி நின்றுவிடும். ஐகிளவுடில் இலவசம் 5 ஜிபிதான். குரல் பதிவுகளைக் கம்பி வழியாக் கணினிக்கோ பென்டிரைவுக்கோ மாற்றுங்க. மாற்றின பிறகு அங்கே திறந்து கேட்டுப் பாருங்க. கேட்காத பிரதியை நம்பாதீங்க.

யாராவது "பழைய வெர்ஷன் போட்டுத் தர்றேன்" என்றா, ஒரே கேள்வி கேளுங்க: "உள்ள இருக்கிறது அழியுமா?" "அழியாது" என்று சட்டுனு சொன்னா போனைத் திரும்ப வாங்கிக்கிட்டு வாங்க.

கோயில் போனுக்கும் இந்த நிலைமை வந்தது. அர்ச்சனை ரசீது அடிக்கும் சின்ன இயந்திரம் ஓர் அப்டேட்டுக்குப் பிறகு போனோடு பேச மறுத்தது. பழைய பதிப்புக்குத் திருப்பலாமா என்று குழுவில் பேசினோம். உபயக் கணக்கும் டூயிட்நவ் கணக்கும் அதில் இருக்கிறதால வேண்டாம் என்று முடிவு. ரசீதுச் செயலிக்குப் புதுப் பதிப்பு வரும்வரை மூன்று வாரம் கையால் எழுதினோம். அந்த வெள்ளிக்கிழமைகளில் வரிசையில் பொறுமையா நின்ற அத்தனை பேருக்கும் இந்த இடத்தில் நன்றி.

இனி ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிறு காலைப் பூசைக்குப் பிறகு அன்னதானக் கூடத்தில் ஒரு மேசை போடுகிறோம். போன், சார்ஜர் கம்பி, முடிஞ்சா ஒரு பென்டிரைவ் கொண்டு வாங்க. கடவுச்சொல்லை எங்ககிட்டச் சொல்லாதீங்க, நீங்களே அழுத்துங்க. வங்கிச் செயலியை நாங்க தொட மாட்டோம். கூட ஒரு பிள்ளையை அழைச்சிட்டு வந்தா இன்னும் நல்லது. கட்டணம் இல்ல.

இப்போ முக்கியமான வேண்டுகோள். தாத்தாவின் பதினேழு பதிவில் நான்கு திரும்பி வந்திருக்கு. சிங்கப்பூரில் இருக்கும் மகளுக்கு அவர் புலனத்தில் அனுப்பினவை அவங்க போனில் இருந்தன. பாட்டிகிட்ட ஒன்றைப் போட்டுக் காட்டினோம். "இது இல்ல, இது மாரியம்மன் தாலாட்டு. கரகத்துக்குப் பாடுறது வேற" என்றாங்க. கரகம் பாலிக்கும்போது அவர் பாடின முழுப் பாட்டு அந்தப் போனில் மட்டும்தான் இருந்தது. மூத்தவங்க மூணு பேர் ஆளுக்குக் கொஞ்சம் நினைவில் வச்சிருக்காங்க. ஆனா நடுவில் இரண்டு இடத்தில் அவங்களுக்கே இணைப்புக் கிடைக்கல.

நீங்க யாராவது எந்த வருசத் திருவிழாவிலாவது ஆற்றங்கரையில் கரகம் எடுக்கும்போது வீடியோ எடுத்திருப்பீங்க. உங்க பிள்ளை சாமி ஆடுறதைத்தான் எடுத்திருப்பீங்க, பின்னால உடுக்கைச் சத்தம் கேட்கும். படம் ஆடியிருந்தாலும், இருட்டா இருந்தாலும் பரவாயில்ல, எங்களுக்குச் சத்தம்தான் வேணும். அலமாரியில் தூங்குற பழைய போனையும் ஒருமுறை சார்ஜ் போட்டுப் பாருங்க. அப்டேட் கேட்டா "பிறகு" என்று அழுத்திட்டு, அப்படியே கோயிலுக்கு எடுத்துட்டு வாங்க.

அடுத்த திருவிழாவுக்குக் காப்புக் கட்டுறதுக்கு முன்னாடி அந்தப் பாட்டை முழுசாச் சேர்த்து, உடுக்கை பழகுற நம்ம பிள்ளைங்க கையில் கொடுக்கணும்.

அம்மன் துணை.
கோயில் தொண்டர் குழு